தண்ணீருக்கு முன்னால் ஓடியவள்

மில் பெல்ட் சுழலத் தொடங்கியதும் விமலேஸ்வரி வாயைத் திறந்துவிடுவாள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய பழந்துணிக்குள் உதடுகள் ஓயாமல் அசையும். செத்தல் மிளகாயைத் தள்ளிக்கொண்டே, இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகத் தன் கவிதையைக் கத்துவாள். கத்தும்போது எந்த வரி இடறுகிறதோ அந்த வரி பிழை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த இலக்கணம். வரிசையில் நிற்பவர்களுக்கு எதுவும் கேளாது. துணி அசைவதைக் கண்டு, தேவாரம் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, விசுவமடுவில் பழனியாண்டியின் மில்லில் அவளுக்கு இது நான்காவது வருடம். வயது நாற்பது. புருவத்தில் எப்போதும் சிவப்புத் தூள். இரைச்சலுக்குள் பழகிய தொண்டை என்பதால், 'வாங்கோ' என்று அன்பாகச் சொன்னாலும் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். நாள் முழுக்க மிளகாய்க்குள் நின்றாலும் அவளுக்குத் தும்மல் வராது. வீட்டுக்குப் போய்க் கொப்பியை விரித்து அன்றைய வரிகளை எழுத இருந்தால்தான் அடுக்கடுக்காகத் தும்முவாள். "எழுத்துக்கும் எனக்கும் ஒத்துவராது. எனக்குச் சொல்லத்தான் தெரியும்" என்பாள்.

சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மண்ணெண்ணெய் தீர்ந்து இயந்திரம் சட்டென்று நின்றது. அவள் குரல் நிற்கவில்லை.

"தண்ணி வருகுது, ஓடு தம்பி ஓடு!"

வரிசையில் நின்ற ஒருவர், தண்ணி வண்டிதான் வருகிறதென்று வாளியோடு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். மலையகத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் அந்தப் பேச்சை விடாத பழனியாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னம்மா விமலா, மிளகா மட்டுந்தான் அரைபடுதுன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள வேற என்னமோ அரைபடுது போலயே!"

சிரிக்காதவர் ஒருவர்தான். தூள் அரைக்க வந்திருந்த யோகநாதன் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பவர். "மிச்சத்தையும் சொல்லுங்கோ" என்றார். சொன்னாள். முகம் மிளகாயைவிடச் சிவந்தது. மாஸ்டர் தன் தூளைக்கூட மறந்துவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை எங்கட பள்ளிக்கூடத்திலை கவியரங்கு. நீங்கள் வாறியள், கண்டியளோ."

அந்தக் கவிதை அவளுடைய தம்பி ஜெயந்தனைப் பற்றியது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்துக் கதவு திறக்கிற நாளில், காய்ந்து கிடந்த வாய்க்கால் வழியே முதல் தண்ணீர் சருகையும் புழுதியையும் தள்ளிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் தம்பி கத்திக்கொண்டு ஓடுவான். அவளுக்குப் பத்து வயதான வருடம், மாரி மழைக்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து, ஆறு வயதில் போய்விட்டான். அதன் பிறகு அம்மா அன்னபாக்கியம் அவன் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. அவனுடைய படம் என்று இருந்த ஒன்றும் கிளிநொச்சி வீட்டுச் சுவரோடு போயிற்று.

அம்மாவுக்குத் தெரியாமல் மேடையேற விமலேஸ்வரிக்கு மனம் வரவில்லை. ஞாயிறு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் நின்று கவிதையைச் சொல்லத் தொடங்கினாள். நாலாவது வரியில் துருவும் சத்தம் நின்றது.

"அவன் எப்பயடி ஓடினவன்?"

"என்னம்மா?"

"ஓடினது நீ. கத்தினதும் நீ. அவன் வாய்க்காலுக்கை இறங்கி அப்பிடியே நிப்பான். தண்ணி வந்து காலிலை படோணும் அவனுக்கு. பட்ட உடனை ஒரு சிரிப்புச் சிரிப்பான்..."

விமலேஸ்வரி அம்மாவின் பக்கத்தில் குந்திவிட்டாள். முப்பது வருடமாகத் தன் கால்களையல்லவா அவனுக்குக் கொடுத்து வைத்திருந்தாள்! அவன் இல்லாத வீட்டில், ஓடுகிற ஒருவனாக அவனை வைத்திருக்க வேண்டியிருந்திருக்கிறது. இப்போது அவன் நின்றான். தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வேறை? வேறை என்னம்மா செய்வான்? சொல்லுங்கோ!" உடனேயே பயம் வந்தது. "உங்களுக்கு நோகுமெண்டா நான் போகேல்லை."

அம்மா பாதித் தேங்காயைக் கீழே வைத்தார்.

"அவன்ரை கதையை எடுக்கிறதெண்டாச் சரியா எடு" என்றார். பிறகு எழுந்து சேலை மாற்றப் போனார்.

பள்ளிக்கூடம் இரண்டு மைல். அம்மாவைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் புதிய வரிகளைக் கத்திக் கத்திப் பார்த்தாள். எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் தன்னைத்தான் ஏசுகிறாளோ என்று ஓரங்கட்டினார். அம்மா பின்னாலிருந்து இரண்டு இடத்தில் திருத்தினார்.

மண்டபத்தில் ஒலிவாங்கி இல்லை. அவளுக்கு அது தேவைப்படவுமில்லை.

"ஓடியவள் நான், நின்றவன் அவன்;
தண்ணீர் அவனைத்தான் தொட்டது."

மில் இரைச்சலை வென்ற அந்தக் குரலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அவள் சொல்லி முடித்தாள். பிறகு தகரக் கூரை அதிரும்படி கைதட்டினார்கள். மேடையிலிருந்து அவள் அம்மாவைத் தேடினாள். பெண்கள் பக்கத்து வாங்கில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தபடியே, தன் தோளுக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடித்து ஒரு சிறுவனின் உயரம் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கையை இரண்டு விரற்கடை உயர்த்தினார்.

கைதட்டல் ஓயும்வரை விமலேஸ்வரி காத்திருக்கவில்லை. தலைவர் கதிரையில் இருந்த மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்து பேனையை உருவி எடுத்து, மேடையிலேயே குந்தி, தன் உள்ளங்கையில் அந்த உயரத்தை எழுதத் தொடங்கினாள்.