வழித்தெடுத்த குடல்

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில், வாரத்துக்கு மூன்று நாள் காலை ஆறு மணிக்கு ஆவடி மார்க்கெட்டில் ஒரு கறிக்கடையின் முதல் கஸ்டமர் நான்தான். வாங்குவது ஒன்றே ஒன்று, ஆட்டின் சிறுகுடல். குழம்புக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வந்து, குடலைக் குளிர்ந்த உப்புநீர் டப்பாவில் போட்டுக்கொண்டு, அதன் செல்கள் சாவதற்குள் பஸ் பிடித்துப் பூந்தமல்லிப் பக்கம் இருந்த காலேஜ் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டப்பாவில் என்ன என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பக்கத்து இடம் உடனே காலியாகும்.

குடலின் உள்தோலில் சில புரதங்கள் உண்டு. சாப்பாட்டோடு வரும் நச்சு செல்லுக்குள் நுழைந்தால், வந்த வழியே வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. சில மருந்துகளையும் அப்படித்தான் தள்ளும். குடலில் அழற்சி வந்துவிட்டால் இந்தப் புரதங்கள் குறைந்துபோகின்றன, தள்ள வேண்டியதைத் தள்ளுவதில்லை. அதை ஆட்டுக்குடலில் காட்டுவதுதான் என் ப்ராஜெக்ட். குடலைக் கண்ணாடிக் குச்சியில் கோத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, சின்னச் சின்னப் பைகளாகக் கட்டுவேன். பாதிப் பைகளை அழற்சி உண்டாக்கும் பாக்டீரியா நஞ்சில் ஊறவைப்பேன், மீதியைச் சும்மா விடுவேன். பிறகு எல்லாவற்றையும் இரண்டு சாயம் கலந்த நீரில் போடுவேன். ஒன்று, இந்தப் புரதம் வழக்கமாகத் தள்ளிவிடும் சாயம். இன்னொன்று, புரதம் கண்டுகொள்ளாத சாயம், நல்ல தோல் அதைத் தானாகவே தடுத்துவிடும். எந்தப் பைக்குள் எது எவ்வளவு ஏறியது என்று கடைசியில் அளப்பேன்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே நடந்தது. நல்ல குடல் முதல் சாயத்தைத் தள்ளியது, அழற்சிக் குடல் உள்ளே விட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து தாறுமாறு. நல்ல குடலும் இரண்டு சாயங்களையும் வா வா என்று உள்ளே விட்டது. ஐந்து வாரம் இதே கூத்து. இரண்டாவது சாயம் கெட்டுப்போயிருக்கும் என்று புது பாட்டில் வாங்கினேன், உப்புநீரை மாற்றினேன், குடல் சாகாமல் காற்றூட்டும் ஆக்சிஜன் சிலிண்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாதக் கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலை அதுவரை காத்திருக்காது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். கடைக்காரர் பழைய சரக்கை என் தலையில் கட்டுகிறார் என்று நானே முடிவுகட்டி, சண்டை போடுவதற்காகவே ஒரு நாள் அரை மணி முன்னால் போய் நின்றேன். கடைக்கார அண்ணன் எனக்கான குடலைத்தான் கையில் வைத்திருந்தார். மூங்கில் குச்சியில் புரட்டி, கத்தியின் முதுகால் உள்தோலை வழித்து, குழாயடியில் அலசி, மறுபடி நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா பண்றீங்க?”

“உனுக்குதாம்மா. படிக்கிற பொண்ணு, பஸ்ல எட்துகினு போறே, நாறுமேன்னு நானே வழிச்சிக் குடுக்கிறேன். ஒரு மாசமா பண்ணிகினு கீறேன், நீ பாக்கலியா?”

பார்த்தேன். அதுதான் கொடுமை. குடல் திடீரென்று சுத்தமாக வர ஆரம்பித்தபோது, அப்பாடா, இனி அருவருப்பில்லை என்று சந்தோஷப்பட்டது யார்? நான்தான். ஃப்ரெஷ்ஷாக வேண்டும் என்று சொன்னேனே தவிர, கழுவாதீர்கள் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொன்னதில்லை.

“அண்ணா, நீங்க வழிச்சுப் போடுற அந்தத் தோலைத்தான் நான் படிக்கிறேன். வயித்துக்கு வர்ற விஷத்தை வெளியே தள்றது எல்லாம் அதுலதான் இருக்கு.”

அவர் குழாயடியை ஒருமுறை பார்த்தார். “அப்போ அத்தப் போய் வழிச்சிப் போட்டுட்டா ஊருக்கே வித்துகினு கீறேன் நானு?”

“குழம்புக்கு வழிக்கணும்ணா. எனக்கு மட்டும் வேண்டாம்.”

சண்டை போட வந்தவள் சிரித்துவிட்டேன். ஆனால் பஸ் ஏறியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த ஐந்து வாரக் கணக்கை அப்படியே அமுக்கிவிட்டு, முதல் இரண்டு வாரத்தை மட்டும் எழுதினால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? திருவேற்காடு தாண்டும்வரை இதையேதான் யோசித்தேன். காலேஜ் வாசலில் வழிகாட்டி மேடம் எதிரே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து “என்னம்மா?” என்று கேட்டதும் அண்ணன் குடல் வழித்த கதையைக் கொட்டிவிட்டேன்.

திட்டு விழும் என்று நின்றால், மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “இன்னும் பத்து நாள் இருக்கு. வழிக்காத குடல்ல திரும்பப் பண்ணு. வழிச்சதையும் தீசிஸ்ல எழுது, யார் வழிச்சாங்கன்னும் எழுது” என்றார். மானம் போகும் மேடம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பத்து நாளும் தினசரி ஆவடிக்கு ஓடினேன். வழிக்காத குடலில் கணக்கு மறுபடி முதல் இரண்டு வாரம் போலவே வந்தது.

வைவா அன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக வழித்த குடலைப் பற்றிய பக்கத்தைத்தான் புரட்டினார். பிறகு அழற்சிக் குடல் முடிவுகளுக்குத் திருப்பினார்.

“அழற்சியில தோலே பிஞ்சுபோய், அதனால சாயம் உள்ளே போயிருக்கலாமே. புரதம் குறைஞ்சதாலதான்னு எப்படிச் சொல்றே?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் தயாராகவே இல்லை. கை தானாக அந்த வழித்த குடல் பக்கத்துக்குப் போனது. “தோல் போனா எப்படி இருக்கும்னு இங்க இருக்கு சார். இதுல ரெண்டு சாயமும் உள்ளே போயிடுது. அழற்சிக் குடல்ல புரதம் தள்ள வேண்டிய சாயம் மட்டும்தான் போச்சு, இன்னொண்ணு போகலை. தோல் இருக்கு சார். தள்றதுக்குத்தான் ஆள் இல்லை.”

அவர் அந்த இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “தப்பா வந்ததை மறைக்காம எழுதியிருக்கே. இந்தக் காலத்துல யார் செய்றா?” என்று சொல்லி, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கு மகிழ்ச்சியில் அழுகையே வந்துவிட்டது. திருவேற்காடு வரைக்கும் மறைத்துவிடத்தான் நினைத்தேன் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.