குவீன் தெருவில் காகம் இல்லை

காலை 8.20. சுங்கைப் பட்டாணியிலிருந்து பேருந்தில் வந்து, பட்டர்வொர்த் துறையில் இரண்டு வெள்ளி கட்டணம் கொடுத்துப் பினாங்குக்கு ஃபெரி ஏறினேன். அன்று சித்தப்பாவின் முதல் திதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டம்வரை படித்த முதல் ஆள் நான். அதற்காக அப்பாவிடம் சண்டை போட்டவர் அவர்.

கரையிலிருந்து பத்து நிமிட நடை. குவீன் தெருவில் மளிகைக் கடைக்கு மேலே சித்தியின் வீடு. கடைக்காரர் காசிம் அண்ணே என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாம்மா லெட்டர்காரி! உன் எழுத்துக்குப் பவர் இருக்குலா. மாநகராட்சி ஆளுங்க துப்பாக்கியோட வந்து ரெண்டே நாள்ல காக்காவெல்லாம் முடிச்சிட்டாங்க. ரோட்டோரம் நிறுத்தின கெரேத்தா மேல ஒரு எச்சம் இல்ல, பாரு!"

காகங்கள் குப்பைப் பைகளைக் கிழித்தன, கடைக் கருவாட்டை இழுத்தன, குஞ்சு பொரித்த நாட்களில் பிள்ளைகளின் தலையைக் கொத்தின. தெருக்காரர்களும் சித்தியும் கேட்டதால் நல்ல மலாயில் புகார் எழுதியிருந்தேன். 'ஒன்றுகூட மிஞ்சக்கூடாது' என்ற கடைசி வரி மட்டும் நானாகச் சேர்த்தது. அதைப் பெருமையோடு பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன்.

நண்பகல் 12.00. பின்மாடிச் சுவரில் இலை விரித்து எள்ளுச் சோறும் வடையும் வைத்தோம். காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. சித்திக்குச் சர்க்கரை வேறு. "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மைனா இரண்டு வந்தன. துண்டை வீசி விரட்டினார்.

1.30. "அவருக்கு எம்மேல கோவம்டி. கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லல்ல?"

"காக்காவே இல்ல சித்தி. நான் எழுதின லெட்டர்தான்..."

"ஒன்னுகூடவா இருக்காது? வரணும்னா வந்திருப்பாரு."

2.40. சித்தி தலைசுற்றிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சோற்றைப் பொட்டலமாகக் கட்டினேன். "எங்கயாவது வச்சிட்டு வரேன். நீங்க சாப்பிடுங்க."

"அது தின்னுச்சுன்னு சொல்லு. அப்புறம் சாப்பிடுறேன்."

சூலியா தெரு முழுக்கத் தேடினேன். துறைமுகத்தில் புறாக்கள் மட்டுமே. ஃபெரி ஏறினேன்.

3.35. பட்டர்வொர்த் பேருந்து நிலையக் குப்பைத் தொட்டியருகே ஆறு காகங்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் பாய்ந்து வந்து தின்றன. உடனே அழைத்தேன்.

"சாப்பிட்டாச்சு சித்தி! இங்க, பட்டர்வொர்த்துல!"

"அவ்வளவு தூரம் வந்தவரு, வீட்டுக்கு மட்டும் வரலையா?"

சித்தி போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் போகத் துணிவில்லாமல் 4.15 பேருந்தில் ஏறினேன். எங்கள் ஊரில் அம்மா தினமும் காகத்தைத் துடைப்பத்தால் விரட்டுகிறாள்; அது தினமும் திரும்பி வருகிறது. வழி முழுக்கச் சித்தியை அழைத்துக்கொண்டே வந்தேன். எடுக்கவில்லை. அன்று அவர் சாப்பிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.