பதினோரு மணிக்குள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் மேனேஜராக இருந்தேன். ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பொடிப்பொடியான பாகங்களுக்குச் சால்டரிங் வைப்பார்கள். எதுவாக இருந்தாலும் என் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்பது என் கொள்கை. அப்போது அதைக் கொள்கை என்றுதான் சொல்லிக்கொண்டேன். இப்போது கேட்டால் கொழுப்பு என்பேன்.

கேன்டீன் டீ கிளாஸ் எந்த அளவு, ஜன்னல் திரை பச்சையா நீலமா, நோட்டீஸ் போர்டில் காகிதம் கோணாமல் குத்தியிருக்கிறதா, எல்லாம் நானேதான் பார்ப்பேன். டைப்பிஸ்ட் அம்மா ஒரே கடிதத்தை நாலு தடவை அடிப்பார். சாப்பாட்டு நேரம் வருவதற்குள் மண்டை காலியாகிவிடும். அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான்.

இது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாது. "சார்கிட்ட எதுனா கேக்கணும்னா பதினோரு மணிக்குள்ள கேட்டுக்கோ. அப்பால போனா வேலைக்காவாது" என்று பியூன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தானாம். ரொம்ப நாள் கழித்து அவனே என்னிடம் சொன்னான்.

முடிச்சூரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், சாயங்காலமானா கண்ணு எரியுது, தலை பொளக்குது. இந்த மாதிரி வேலை வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னை பேக்கிங்ல போடுங்க சார்."

பேக்கிங்கில் ஆள் தேவையும் இருந்தது. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்று, ஐம்பது பேருக்கும் முறை வைத்து ஒரு சார்ட் போடலாம் என்று தோன்றியது. ஸ்கேல், கலர் பென்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்காவது ஒரு கட்டம் இடித்தது. கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவள் இன்னும் மூன்று முறை வந்தாள். "சார்ட் ரெடியாகிட்டிருக்கும்மா, பார்க்கலாம்" என்றே மூன்று முறையும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அவள் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தாள். அதற்கு முன்னால் அவளால் வர முடியாது. மணி அடிக்கும்வரை லைனை விட்டு யாரும் எழுந்து வரக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைக் கோணாமல் குத்தச் சொன்னவன் நான்தான்.

மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு காலை, லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் என் அறைக்குள் வந்தாள்.

"லைனை விட்டு ஏம்மா வந்தே?" என்றேன்.

அவள் ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். பேக்கிங்குக்குப் போ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கண் கடிதத்தின் இடது ஓரத்துக்குத்தான் போனது. மார்ஜின் விடாமல் எழுதியிருந்தாள்.

"ஃபைல்ல போட்டா எழுத்து மறைஞ்சிடும்மா. மார்ஜின் விட்டு வேற எழுதிக் குடு" என்று வெள்ளைத்தாளை நீட்டினேன்.

"சரி சார்" என்றாள்.

எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எழுதினாள். மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணை இறுக மூடித் திறந்தாள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

எழுதி நீட்டினாள். மார்ஜின் சரியாக இருந்தது. உடனே கையெழுத்துப் போட்டேன். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.