தாராவி டீக்கடையில் ஒரு வக்கீல் பெஞ்சு

ராமநாதனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பம்பாயில், சயான் பக்கத்து ஓர் ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாய். அந்த நிலையிலும், படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆளிடம், வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு தருகிறார்கள் என்று ஹிந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தார். இலவசச் சட்ட உதவி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் விடுகிற பழக்கம் அல்ல.

உலக யுத்தம் முடிந்த சமயம். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ராமநாதனும் அவருடைய சக மாணவர்கள் சிலரும் ஞாயிறுதோறும் மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்து போய், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இலவசமாகச் சட்ட யோசனை சொல்வார்கள். நான் ஆபீஸ் குமாஸ்தா. தானாகக் கற்ற டைப்பிங் தெரியும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வருமான வரி

முதலில் வந்தவர் தோல் பட்டறை வைத்திருந்த காதர் பாய். வருமான வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ராமநாதன் பொறுமையாக விசாரித்துவிட்டு, "உங்க வருமானத்துக்கு வரியே கிடையாது, பாய்" என்று சந்தோஷமாகச் சொன்னார். காதர் பாய் முகம் வாடிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இத வெளிய சொல்லிராதீங்க தம்பி. மகளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருக்கேன்."

குளத்தாயியின் அறை

குளத்தாயி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவன் இறந்ததும், "இவள் அவன் மனைவியே இல்லை, அறையைக் காலி செய்ய வேண்டும்" என்று அவர்கள் குடியிருந்த சாலின், அதாவது வரிசை அறைக் குடியிருப்பின், முதலாளி வழக்குப் போட்டுவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். தோற்றால் நடைபாதைதான்.

ராமநாதன் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலை ஃபீஸ் வாங்காமல் வாதாடச் சம்மதிக்க வைத்தார். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று குளத்தாயிக்கு வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். நானும் மனுக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அப்போது இருந்தாள். மிஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தாள்:

"ஊருக்கெல்லாம் வக்கீல் பிடிச்சுக் குடுக்கறேளே, நம்மாத்துக் குழாய் ஒழுகறதுன்னு சொல்ல ஒரு வக்கீலைப் பிடிச்சுண்டு வாங்கோளேன்!"

கோர்ட்டில்

எல்லாக் கேள்விக்கும் குளத்தாயி தயாராக இருந்தாள், ஒன்றைத் தவிர. எதிர் வக்கீல் எழுந்து, "உன் புருஷன் பெயர் என்ன?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். பதில் இல்லை. எங்கள் வீடுகளிலும் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. ஆனாலும் ராமநாதனுக்கோ எனக்கோ அது முன்கூட்டித் தோன்றவில்லை. "புருஷன் பெயர் தெரியாத மனைவியா?" என்று நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். ராமநாதன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

முதலாளி தரப்பில் சாட்சி சொல்ல வந்திருந்தவர் சுடலைமுத்து, சாலில் வாடகை வசூலிப்பவர். அவரும் அவள் ஊர்ப்பக்கம்தான். பொறுக்க முடியாமல் பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்:

"எய்யா, ஒரு பொம்பள புருஷன் பேர வாயால சொல்லுவாளா? திரும்பத் திரும்பக் கேக்கியளே, நல்லாவா இருக்கு? அவன் பேரு இசக்கிமுத்து. இவ கல்யாணப் பந்தியில சோறு போட்டவனே நான்தான்!"

நாங்கள் ஜெயித்த முதல் வழக்கு, எதிர்த்தரப்புச் சாட்சி ஜெயித்துக் கொடுத்தது. அந்த அறையில் இப்போது குளத்தாயியின் மூத்த மகள் குடியிருக்கிறாள்.