மாமாவின் கொட்டகையில் ஒரு லோடு அட்டை

உலக வர்த்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. குடித்தது வெறும் கோந்து என்று பின்னால்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் ஓர் அட்டை ஏஜென்டிடம் ஆர்டர் பிடிக்கும் வேலை எனக்கு. மரக்காணம் கடற்கரையைத் தவிர வேறு கடல் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் துறைமுகத்தையே கட்டி ஆள்பவன் மாதிரி.

அந்தப் பேச்சை நம்பிய ஒரே ஆள் மாமா, என் அக்காவின் கணவர். திண்டிவனத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஸ்வீட் பாக்ஸ் செய்துகொண்டிருந்தார். அட்டையை வெட்ட ஒரு பழைய மெஷின், பெட்டி ஒட்ட நான்கு பெண்கள். புது அட்டை வந்தால் முனையைக் கிழித்து, நடுவே இருக்கும் பழைய காகிதக் கூழைப் பார்ப்பார். "மேல வெள்ளை, உள்ள ஊரு குப்பை. உன்ன மாதிரியே கீது மாப்ள" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். நானும்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு நம் நாட்டுக் காகித ஆலைகள் அட்டையை வெளிநாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. உள்ளூரில் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. "தீபாவளிக்கு அட்டையே கெடைக்காது மாமா, இப்பவே வாங்கிப் போடுங்க" என்றேன். அக்காவின் வளையல்கள் அடகுக்குப் போயின. கொட்டகை நிறைந்து, பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

ஏற்றுமதி சட்டென்று படுத்தது. வெளிநாட்டு அட்டை குறைந்த விலையில் வந்து இறங்கியது, உள்ளேயும் வெள்ளையாக. ஸ்வீட் கடைக்காரர்கள் அந்தப் பெட்டிக்கு மாறினார்கள். மழை பிடித்ததும் ஈரக் காற்றில் எங்கள் அட்டைகள் அப்பளமாக நெளிந்தன. மாமாவும் அக்காவும் ஒவ்வொன்றாகப் புரட்டி அடுக்கி, மேலே கல் ஏற்றினார்கள். நானும் புரட்டினேன்; என் பங்குக்கு விரலை அறுத்துக்கொண்டு, ரத்தக் கறையால் சில அட்டைகளையும் கெடுத்தேன். மாமா ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நிமிந்துக்கிச்சி பாரு" என்று மட்டும் சொன்னார். சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் அந்தக் கல்லைத் தூக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது இன்னும் என் காதில் கிடக்கிறது. அட்டை நிமிர்ந்தது, வாங்கத்தான் ஆளில்லை. பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்புக் கம்பெனி வேனில் ஏறினார்கள். பிறகு மாமாவும் அதே கம்பெனியின் வாசலில் வாட்ச்மேன் ஆனார்.

போன வாரம் ஆபீசில் ஒரே பேச்சு: இறக்குமதிக்குக் கெடுபிடி வருகிறதாம், உள்ளூர் அட்டைக்கு மறுபடி கிராக்கியாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்ட புத்தி எங்கே போயிற்றோ, உடனே போன் போட்டேன்.

"மாமா, இப்ப காத்து நம்ம பக்கம் அடிக்குது. ஜல்தியா மெஷினைத் தொடச்சி எண்ணெய் போடுங்க. ஆர்டர் நான் புடிச்சித் தர்றேன்."

மாமா கம்பெனி கேட்டைத் திறந்து ஒரு லாரியை உள்ளே விட்டுவிட்டு வந்து பேசினார்.

"மெஷின் இருந்த எடத்துல இப்ப மாடு கட்டிக்கினு கீறோம், மாப்ள."