டிரைவர் அண்ணனின் வயிறு

முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி உடம்பில் ஒரு கீறல் விழாதவர், எழுபத்தெட்டு வயதில் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறி, மேசை விளிம்பில் வயிறு இடிபட விழுந்தார்.

"ஒண்ணுமில்ல பாப்பா, லேசா இடிச்சுக்கிட்டேன்."

பாப்பா அவருடைய தங்கை. வயது அறுபத்தாறு, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகாத அண்ணனும் புருஷனைப் பறிகொடுத்த தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் வயிறு பலகையாக இறுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் நாடி சீராக இருந்ததைப் பார்த்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு வந்த டாக்டர் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இவர் போடுற பிரஷர் மாத்திரை, உள்ள அடிபட்டிருந்தாலும் நாடிய ஏற விடாது. நாடிய நம்பாதீங்க, உடனே ஸ்கேன் எடுங்க."

குடல் கிழிந்திருந்தது.

"ஆபரேஷன் தாங்குவாரான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. பண்ணலன்னா பிழைக்க மாட்டார்."

பாப்பா கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கவில்லை. அது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

தீவிர சிகிச்சையில் பதினோரு நாள். நினைவு தடுமாறியது.

"பாப்பா, எல்லாரையும் இறங்கச் சொல்லு. வண்டி டிப்போவுக்குப் போகுது."

"இறங்கிட்டாங்க அண்ணா."

"அந்த குண்டு ஆளு இறங்கல பாரு" என்று டாக்டரைக் காட்டினார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தானும் சிரிக்க வேண்டிய இடம் என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

குடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே விட்டிருந்தார்கள்; அதன்மேல் ஒட்டிய மலப்பையோடு வீடு வந்தார். வெந்நீரில் தோலைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பையை ஒட்ட நர்ஸ் கற்றுக்கொடுத்திருந்தாள். முதல் நாள் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உனக்கு இப்படியொரு தலையெழுத்தா?"

"மல்லாந்து படுண்ணா. ஒட்டணும்."

கட்டிலில் இருந்து நாற்காலிக்கு வரவே ஒரு மாதம் பிடித்தது. நாற்காலியில் இருந்து வாசலுக்கு இன்னும் மூன்று மாதம். ஆறாம் மாதம் குடலை மறுபடி இணைக்கலாமா என்று கேட்கப் போனார்கள். இதயம் இடம் கொடுக்காது என்றார் டாக்டர்.

"இருக்கட்டும். பழகிப்போச்சு" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் பாப்பாவோடு வேலை பார்த்த தோழி போன் பண்ணினாள். அண்ணனைப் பற்றி எல்லாம் விசாரித்து முடித்து, "சரி, நீ எப்படி இருக்க?" என்றாள்.

பாப்பா யோசித்துப் பார்த்தாள். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"பை மாத்தற நேரமாச்சு. அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனாள்.