எல்லார்ட்டயும் கேட்டதையே எங்கிட்டயும் கேளுங்க

உங்கள் இரண்டு பேரில் பெரியவள் போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, நீங்க பத்தாவதுதானே? டிகிரி முடிச்சவுகள உக்கார வச்சு இன்டர்வியூ எடுக்கீகளாமே, அப்படி என்ன கேப்பீக?" சின்னவன் உடனே, "கடையில ஏசி ஓடுதான்னு கேப்பாக" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மனசில் நின்றுபோனது. நாளைக்கு நீங்களும் யார் முன்னாலாவது போய் உட்காரத்தான் போகிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் மேனேஜராக இருக்கும் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், ஆனி மாதத்திலேயே ஆள் எடுத்துவிடுவோம். முதலாளி ஆள் எடுக்கிற விதம் தனி. மேல் மாடியில் பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிற மெத்தை இருக்கிறதே, வெள்ளைத் துணி போட்டது, அதில்தான் இன்டர்வியூ. அவரும் சம்மணம் போட்டு உட்காருவார், வந்தவர்களும் உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது, மேசை கிடையாது. "சாப்டீகளா?" என்று ஆரம்பிப்பார். வெயில், பஸ்ஸு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கால் மணி நேரத்தில், "சரி, ஒண்ணாந்தேதி வந்துரு" என்பார், அல்லது, "சொல்லி விடுதேன்" என்பார். சொல்லி விடுதேன் என்றால் இல்லை என்று அர்த்தம்.

"பேசத் தெரிஞ்சா போதும்ப்பா. சேலை அதுவா வித்துரும்" என்பது அவர் கணக்கு. என்னையும் அப்படித்தான் எடுத்தார். அந்தக் காலத்தில் என்னிடம் கேட்டதெல்லாம், நம் ஊர் பாலவனத்தத்தில் மழை உண்டா, பருத்தி எப்படி என்பதுதான். பேசிக்கொண்டே இருந்தோம், வேலை கிடைத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளியின் மருமகள் கடைக்கு வர ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்த பெண். நல்ல பெண்தான், தப்பாக நினைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு ரூம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது அதுதான். அந்த வருட ஆடிக்கு அது ஒரு தாள் அடித்துக்கொண்டு வந்தது. பதினைந்து கேள்வி. "அண்ணே, எல்லாருக்கும் இதே கேள்விதான், இதே வரிசையிலதான் கேக்கணும். இடையில வேற எதுவும் பேசக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு மார்க்" என்றது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மாமனாரை மெத்தையில் அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, அதுவே கேட்க ஆரம்பித்தது.

முதலில் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பிள்ளை.

"உங்களுடைய பலவீனம் என்ன?"

"பலவீனமெல்லாம் இல்ல மேடம். போன மாசம்தான் ரத்தம் டெஸ்ட் எடுத்தோம், நல்லாருக்குன்னாக."

"ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, முதலாளியைப் பார்த்தது. "கல்யாணம் ஆயிரும்ல மேடம். எங்க கட்டிக் குடுக்காகளோ அங்க."

முதலாளி துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மருமகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் மார்க் போட்டது.

அடுத்து உள்ளூர் நெசவுக் குடும்பத்துப் பையன். வீட்டில் தெலுங்கு. தாளைப் பார்த்துக் கேட்கக் கேட்க அவன் கழுத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும், "ஆமா மேடம்." ஏழாவது கேள்வியில் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பரிச்சை மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் நில்லு" என்றார். பையனைப் பார்த்து, "ஏப்பா, வீட்டுல சும்மா இருக்கையில என்ன செய்வ?"

"போன்ல வீடியோ பாப்பேன் சார்."

"என்ன வீடியோ?"

"சேலை விக்கிற லைவு. சூரத்துல இருந்தெல்லாம் போடுவாங்க."

"எப்படி விப்பாக? எங்க, காட்டு."

பையன் எழுந்தான். பக்கத்தில் கிடந்த ஒரு பூனம் சேலையைத் தோளில் போட்டான். "அக்கா! இந்தக் கலர் கடைசிப் பீஸ்க்கா! போனா வராதுக்கா! ஸ்க்ரீன்ஷாட் எடுங்கக்கா, ஸ்க்ரீன்ஷாட் எடுங்கக்கா!" என்று கத்தினான் பாருங்கள், கீழ் மாடியிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். மருமகள் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "நீ ஜெயிச்சுட்டீங்க மாமா" என்றது, மரியாதை குழம்பிப்போய்.

அதற்கப்புறம் முதலாளியே பேசினார். அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தது. திருச்சுழிப் பக்கம். பி.காம். தலையில் பூ இல்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் சர்டிபிகேட். மெத்தை ஓரத்தில் முதலில் முழங்கால் போட்டுத்தான் உட்கார்ந்தது.

"நல்லா உக்காரு தாயி. சாப்டியா?"

"சாப்ட்டேன் சார்."

"என்ன சாப்ட்ட?"

"பஸ்ஸுல வந்த அக்கா முறுக்கு குடுத்துச்சு சார். அதான்."

"அடப்பாவமே. அத சாப்பாடுன்னு சொல்லுத."

சிரித்தது. நல்ல சிரிப்பு, வாடிக்கையாளரை உட்கார வைக்கிற சிரிப்பு. முன்னால் காரியாபட்டியில் ஒரு ரெடிமேட் கடையில் வேலை பார்த்ததாம். இப்போது இந்த வேலை கிடைக்காவிட்டால் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும், சித்தி அங்கே ஹாஸ்டலில் சொல்லி வைத்துவிட்டாள், அடுத்த வாரம் கிளம்பச் சொல்கிறாள் என்றது. "போனா அம்மா தனியா கெடக்கும் சார். அதுக்கு ராத்திரியில கண்ணு தெரியாது. இங்கன்னா தெனம் வீட்டுக்குப் போயிரலாம்ல."

"அது சரிதான். பெத்தவள விட்டுட்டுப் போறதாவது" என்றார் முதலாளி. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, எடுத்துவிட்டார் என்று. பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பேச்சு சுவாரசியம்.

"திருச்சுழியில எந்தூரு?"

ஊரைச் சொன்னது.

"ஓ! அந்த ஊரா! முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் தலையில மூட்டையோட போயி யாவாரம் பாத்துருக்கேன். ஊருணிக்கரை வீட்டுக்காரவுக நமக்கு ரொம்ப வேண்டியவுக. நீங்க எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, அங்கிட்டா?"

பிள்ளைகளே, இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் கேள்வி எதைத் தேடிப் போகிறது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்து சாதி என்று யாரும் கேட்பதில்லை. தெருவைக் கேட்பார்கள், கோயிலைக் கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்டுவிட்டுத் தாத்தா பெயரைக் கேட்பார்கள். முதலாளி மனசில் ஒன்றுமில்லை, அது எனக்குத் தெரியும். எத்தனையோ தெருக்காரர்கள் கடையில் வேலை பார்க்கிறார்கள். அவர் எல்லாரிடமும் கேட்பார், கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். ஆனால் அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

என்னிடமும் ஒருநாள் இதே மெத்தையில் தெருவைக் கேட்டார். நான் டக்கென்று சொன்னேன். யோசிக்க வேண்டிய தேவையில்லாத தெருவில் பிறந்திருந்தேன். அதனால்தான் அதை ஒரு கேள்வியாகவே நான் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அந்தப் பிள்ளை முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பிளாஸ்டிக் கவரை மடியில் நேராக வைத்தது. முதலாளி பதிலுக்குக் காத்திருந்தார்.

பிறகு அது முதலாளியைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்தது.

"மேடம், அந்தத் தாளுல உள்ளத கேளுங்க."

"என்னம்மா?"

"படியில உக்காந்திருந்தேன், கேட்டுச்சு. முதல்ல வந்தவங்ககிட்ட ஒரு தாளப் பாத்துக் கேட்டீங்கள்ல. எல்லார்ட்டயும் கேட்டதையே எங்கிட்டயும் கேளுங்க."

மருமகள் கீழே கிடந்த தாளை எடுத்தது. ஒன்றாம் கேள்வியிலிருந்து, வரிசை தப்பாமல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வாசித்தது. அந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. சிரிக்கவில்லை.

"முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?"

"அங்கயும் முதல்ல நல்லாத்தான் பேசுனாங்க மேடம்."

மருமகள் மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனது. முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?"

"இதே மாடியில. பட்டு செக்‌ஷன்ல."

காலையில் எல்லாரும் சிரித்த கேள்விதான் அது. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்தும் முடிந்தது. "வெளிய வெயிட் பண்ணும்மா" என்றது மருமகள். பிள்ளை எழுந்து, மெத்தையில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுப் போனது.

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அது மறைந்ததும் முதலாளி சொன்னார்: "நல்ல பிள்ளைதான். ஆனா வெறைப்பா இருக்கே. கஸ்டமர்ட்ட இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டா யாவாரம் ஆகுமா?"

மாமனாருக்கு மருமகள் எப்படிப் பதில் சொல்லும்? நான் சொன்னேன்.

"முதலாளி, நீங்க தெருவக் கேக்குற வரைக்கும் அது சிரிச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு."

"நான் சும்மா கேட்டேன்ப்பா."

"தெரியும் முதலாளி. அதால சும்மா சொல்ல முடியலைல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி நான் எதிர்த்துப் பேசியதில்லை. என் வேலைக்கும் அன்றைக்கே "சொல்லி விடுதேன்" என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. பிடரியைத் தடவினார். "நம்ம கடையில நான் யாரையாவது அப்படிப் பாத்துருக்கனா?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

"இல்ல மாமா" என்றது மருமகள். "ஆனா அந்தப் பொண்ணு நம்ம கடைக்கு இன்னைக்குத்தான வருது."

முதலாளி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "கூப்பிடு" என்றார்.

பிள்ளை வந்து நின்றது, உட்காரவில்லை. முதலாளி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "நான் ஒண்ணு கேட்டேன்ல தாயி. அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். எப்பவும் சொல்ல வேண்டாம். ஒண்ணாந்தேதி வேலைக்கு வந்துரு."

"சரி சார்" என்றது. கண் கலங்கும், கும்பிடும் என்றெல்லாம் நான் நினைத்தேன். அதெல்லாம் இல்லை. "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது.

"கேளு, கேளு."

"எத்தனை மணிக்கு விடுவீங்க?"

"ஆடியில ஒம்பது, ஒம்பதரை ஆகும்."

"எங்க பக்கம் கடைசி பஸ்ஸு எட்டரைக்கு சார். ஒம்பதுன்னா நான் ஹாஸ்டல்லதான் தங்கணும். அதுக்கு திருப்பூரே போயிருவேன்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மருமகளைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததுதான் உண்மையான பேச்சு. எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ்ஸு, காலையில் கடை கூட்டித் துடைக்க யார் முன்னால் வருவது, எட்டு மணிக்குப் போகிறவர்களுக்குப் பதில் உள்ளூர்ப் பையன்கள் நிற்க முடியுமா என்று நாலு பேரும் மாறி மாறிப் பேசினோம். "காலையில எட்டரைக்கே வந்துருவேன் சார், பொம்மைக்குச் சேலை கட்டி வச்சிருவேன்" என்றது அது. "பொம்மைக்குக் கட்டத் தெரியுமா?" என்றேன். "தெரியாது. கத்துக்கிருவேன்" என்றது. நின்றுகொண்டிருந்தது எப்போது உட்கார்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாருமே எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று முடிவானது.

இப்போது எங்களிடம் தாளும் உண்டு, பேச்சும் உண்டு. பலவீனத்தை எடுத்துவிட்டோம். எத்தனை மணி பஸ்ஸு என்பதைச் சேர்த்தோம். பேச்சு சேலையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகலாம். வீட்டுப் பக்கம் திரும்பினால் மருமகள் தாளைச் சரசரவென்று புரட்டும். முதலாளி, "சரிம்மா, சரிம்மா" என்பார்.

அன்றைக்கு நான் அந்தப் பிள்ளையைக் கீழே கொண்டுபோய் விட இறங்கினேன். எனக்கு முன்னால் படியில் போய்க்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டது. போனில் சத்தம் கூடுதல், அந்தப் பக்கம் பேசுவதும் எனக்குக் கேட்டது.

"கெடச்சிருச்சும்மா. ஒண்ணாந்தேதி. தெனம் வீட்டுக்கு வந்துருவேன், சித்திகிட்டச் சொல்லிரு."

"எந்தத் தெருன்னு கேட்டாகளாடி?"

பிள்ளை ஒரு படியில் நின்றது. நான் பின்னால் வருகிறேன் என்று அதற்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றது. "அதெல்லாம் கேக்கல."